ஹாட் டப் தண்ணீருக்கும் ஒரு பதம் உண்டு

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் அது சுத்தமான தண்ணீர். நம்ம வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை இது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹாட் டப்புக்கு மட்டும் இது பொருந்தாது. கிருமிநாசினி பூஜ்யத்துக்கு இறங்கிய தண்ணீரும் பார்க்க அதே பளபளப்போடுதான் இருக்கும்.

காரணம் சிம்பிள். எங்கள் தொட்டி 1,300 லிட்டர். நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 325 லிட்டர்தான். அதுவும் 38, 39 டிகிரி சூட்டில். வியர்வை, தோலில் இருக்கும் க்ரீம், தலை எண்ணெய் எல்லாம் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் சேருகிறது. நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி நன்றாக வளர்வது 25 முதல் 45 டிகிரி வரை. அதாவது நமக்கு இதமான சூடு அதற்கும் இதம். ஜெட் கிளப்பும் ஆவித்துளிகளோடு அது நுரையீரலுக்குள் போகும். 50 வயது தாண்டியவர்களுக்கும், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். சூடோமோனாஸ் என்று இன்னொன்று. குளித்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தோலில், முக்கியமாக நீச்சல் உடை மூடியிருந்த இடங்களில், சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் போடும்.

தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒரே தொட்டியில் உட்காரும் குடும்பங்கள் நம்முடையவை. அதனால்தான் இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், தினமும் இரண்டு நிமிஷ வேலைதான்.

மூன்று எண்கள், ஒரே வரிசை

கடையில் கிடைக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் நனைத்து, டப்பாவில் சொல்லியிருக்கும் நொடிகள் காத்திருந்து, நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது மூன்று: காரத்தன்மை, பிஎச், குளோரின். சரிசெய்வதும் இதே வரிசையில்தான்.

எங்கள் வீட்டில் ஸ்ட்ரிப் படிப்பது எட்டு வயது மகளின் டிபார்ட்மெண்ட். முதல் நாள் "காரத்தன்மை பார்" என்றதும், "தண்ணி ஸ்பைசியா இருக்குமாப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தமிழில் மிளகாய்க்கும் காரம், அமிலத்துக்கு எதிரானதற்கும் காரம். பக்கத்தில் இருந்த அம்மா உடனே, "எங்க பாட்டி சோப்பைச் சவுக்காரம்னுதான் சொல்லுவாங்க, அதுல இருக்கிறதும் இந்தக் காரம்தான்" என்றார். புளி அமிலம், சோப்பு காரம் என்று அவளுக்கு அன்றைக்கே பிடிபட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் வராத இரண்டு சொற்கள், தொட்டி ஓரத்தில் வந்தன.

முதலில் காரத்தன்மை: 80 முதல் 120 பிபிஎம். பிஎச் சட்டென்று மேலும் கீழும் குதிக்காமல் பிடித்து வைப்பது இதுதான். குறைந்தால் ஏற்றுவதற்குத் தேவை சோடியம் பைகார்பனேட். நம்ம ஆப்பசோடாவேதான். ஆயிரம் லிட்டருக்கு சுமார் 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். எங்கள் 1,300 லிட்டரை 50-லிருந்து 80-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 65 கிராம். அம்மா பையைப் பார்த்துவிட்டு, "ஆப்பம் சுடுறதுக்கு வச்சிருந்ததையா தொட்டியில கொட்டுற?" என்று கேட்டது வேறு கதை.

அடுத்து பிஎச்: 7.2 முதல் 7.8. இது ஏன் முக்கியம்? பிஎச் 7.5-ல் இருந்தால் தண்ணீரில் தனித்திருக்கும் குளோரினில் ஏறக்குறைய பாதி, கிருமியை வேகமாகக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8-க்குப் போனால் அது கால்வாசி அளவுக்கு இறங்கிவிடும். ஸ்ட்ரிப்பில் குளோரின் நிறம் மாறாது, ஆனால் வேலை செய்யும் பங்கு குறைந்திருக்கும். அதிலும் ஹாட் டப்பில் பிஎச் தானாகவே ஏறும். ஜெட் காற்றை அடிக்க அடிக்க, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதுதான் காரணம். காரத்தன்மை அதிகமாக இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். எனவே நான் அதை 80 பக்கமே வைத்திருக்கிறேன். பிஎச்சை இறக்க சோடியம் பைசல்பேட் தூள். ரசத்துக்கு உப்பு போடுகிற மாதிரிதான், கொஞ்சம் போட்டு, கலக்கிவிட்டு, மறுபடி பாருங்க. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

கடைசியாக கிருமிநாசினி. குளோரின் என்றால் குறைந்தது 3 பிபிஎம், புரோமின் என்றால் 4 முதல் 8. இது அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி சொல்லும் அளவு.

இந்த மூன்றோடு தண்ணீரின் கடினத்தன்மை என்று நான்காவதும் ஒன்று உண்டு. அது நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. நாங்கள் இருக்கும் சியாட்டில் பக்கம் குழாய்த் தண்ணீர் ரொம்ப மென்மை, அதனால் கால்சியம் சேர்க்க வேண்டும். லண்டனில் தலைகீழ். சென்னையில் போர் தண்ணீர் பிடித்த பக்கெட்டில் படியுமே வெள்ளையாக, அதே மாதிரி ஹீட்டரில் படியும். 150 முதல் 250 பிபிஎம் போதும். தண்ணீர் மாற்றும்போது ஒரு தடவை பார்த்தால் போதுமானது.

கூட்டம் வரும் நாள்

ஒரு சனிக்கிழமை மகளின் பிறந்தநாளுக்கு உறவுக்காரப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதல் குழு இறங்கும் முன் குளோரின் 5. அவர்கள் முக்கால் மணி நேரம் ஆட்டம் போட்டு ஏறியபின் 1-க்கும் கீழே. இரண்டாவது குழு டவலோடு வரிசையில் நிற்கிறது. தண்ணீரில் ஒரு தூசி இல்லை. "ஒரு நாள்தானேடா, விடு" என்றார் மாமா. விடவில்லை. குளோரின் போட்டு, மூடியைத் திறந்து வைத்து ஜெட்டை ஓடவிட்டு, எல்லாரையும் கேரம் போர்டு பக்கம் அனுப்பினோம். நாற்பது நிமிஷம் கழித்து மகள் ஸ்ட்ரிப்பைப் பார்த்து "நாலு!" என்று கத்தினாள். பிறகுதான் இறங்கினார்கள்.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு ஹாட் டப் வேண்டாம். எண்ணெய் குளோரினைத் தின்னும், ஃபில்டரை அடைக்கும், நுரை கிளப்பும். நீச்சல் உடையில் தங்கும் சோப்புத்தூளும் அப்படித்தான். இறங்கும் முன் எல்லாரும் ஒரு ஷவர், உடையை வெறும் தண்ணீரில் ஒரு அலசு. மருந்துச் செலவு பாதியாகக் குறைகிற மாதிரி தெரியும்.

'குளோரின் வாடை' தூக்கலாக அடித்தால் குளோரின் அதிகம் என்று அர்த்தமில்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து களைத்துப்போன குளோரினின் வாடை அது. அப்போது தேவை ஷாக் சிகிச்சை.

சின்னவர்கள் விஷயத்தில்

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஹாட் டப்பில் இறங்கவே கூடாது என்கிறது சிடிசி. சின்ன உடம்பு சீக்கிரம் சூடாகிவிடும். எங்கள் மகனுக்கு மூன்று வயது. "பாவம்டா, மடியில வச்சுக்கறேன், ரெண்டே நிமிஷம்" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பார். அவனுக்கு உள்ளே பாத் டப்பில் கப்பல் விடும் நேரம் அது; இப்போது அம்மாவே அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். பெரியவர்களுக்கும் 40 டிகிரிக்கு மேல் கூடாது. பயன்படுத்தாத நேரம் மூடி பூட்டியே இருக்கட்டும். குழந்தை உள்ள வீட்டில் திறந்த தொட்டி திறந்த கிணறு.

மருந்துகள் பிள்ளைகள் கைக்கு எட்டாத, ஈரம் படாத, பூட்டிய இடத்தில் இருக்கணும். ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. இரண்டு வகைக் குளோரினைச் சேர்த்தால்கூட தீப்பிடிக்கும், வெடிக்கும். எப்போதும் தண்ணீரில் மருந்தைப் போடுங்க, மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீங்க. ஸ்ட்ரிப் படிப்பது மகளின் வேலை, அளந்து போடுவது பெரியவர்கள் வேலை.

எப்போது மாற்றுவது?

டைக்ளோர் என்ற தூள் வகைக் குளோரினில் ஒரு சங்கதி. 10 பிபிஎம் குளோரின் சேர்த்தால் கூடவே சுமார் 9 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேரும். அது ஆவியாகாது, சேர்ந்துகொண்டே போய் குளோரினை மந்தமாக்கும். தண்ணீரை மாற்றுவது ஒன்றுதான் வழி. பொதுவான கணக்கு: தொட்டியின் கொள்ளளவை அமெரிக்க காலனில் எடுத்து 3-ஆல் வகுத்து, தினசரி குளிப்பவர்கள் எண்ணிக்கையால் மறுபடி வகுக்க வேண்டும். எங்களுக்கு 340 காலன், சராசரி ஒரு நாளைக்கு ஒன்றரைப் பேர். சுமார் 75 நாள் வருகிறது.

எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் அட்டவணை இது. இறங்கும் முன்: மூன்று எண்களும். ஏறிய பின்: குளோரின். வாரம் ஒருமுறை: ஷாக், ஃபில்டரை அலசுவது. இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை: தண்ணீர் மாற்றம்.

சொந்தமாக ஹாட் டப் இல்லாதவர்களும் ஒரு டப்பா ஸ்ட்ரிப் வாங்கி வையுங்க. விடுமுறைக்கு வாடகை வீடு எடுக்கும்போது ஊறுகாய் பாட்டிலோடு அதையும் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் உடை மாற்றுவதற்குள் முடிவு தெரிந்துவிடும்.