பச்சிளங் குழந்தைக்கு எத்தனை சதுர அடி?

திருவண்ணாமலை அக்கினி ஸ்தலம். கோடையில் கிரிவலம் வந்தவர்கள் இதை ஸ்தல புராணம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, உள்ளங்கால்களே சொல்லிவிடும்! அப்பேர்ப்பட்ட ஊரிலும், குறைமாதத்தில் பிறந்த சிசு குளிரால் உயிர் துறக்கக்கூடும் என்றால் நேயர்கள் நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். அதன் மேனியில் கொழுப்பு இல்லை, தோலோ மெல்லியது. உள்ளே உண்டாகும் உஷ்ணம் உடனுக்குடன் வெளியேறிவிடுகிறது.

ஆகையால்தான் இக்குழந்தைகளுக்குத் தனி அறை தேவையாகிறது. மேற்கு வங்காளத்தில், வறுமை மிகுந்த புருலியா மாவட்டத்து ஆஸ்பத்திரியில் 2003ஆம் ஆண்டில் இத்தகைய பிரிவு ஒன்று ஏற்பட்டு, பெருநகரங்களுக்கு வெளியேயும் இது சாத்தியமே என்று காட்டியது. பின்னர் 2011ல் இந்திய அரசாங்கத்தார் விதிகள் வகுத்தனர். ஆண்டுக்கு 3,000 பிரசவங்களுக்கு மேல் நடைபெறும் மாவட்ட ஆஸ்பத்திரியில் குறைந்தது 12 படுக்கைகள். படுக்கை ஒன்றுக்கு 100 சதுர அடி. அதில் பாதி, குழந்தையைச் சுற்றி; மறு பாதி, கை கழுவுதல், தாதியர் அமர்தல், பாலூட்டுதல் முதலியவற்றிற்கு. படுக்கைகள் நெருங்கினால் நோய்க் கிருமிகளும் எளிதில் தாவும் அல்லவா?

கணக்கு சரிதான். ஆனால் தாய் எங்கே? ஜவ்வாது மலையிலிருந்து பல மைல் இறங்கி வந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். குழந்தை கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, அவள் வெளியே. பால் கொடுக்க மட்டும் வந்து போகும் விருந்தாளி அவள்!

இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2021ல் வெளியாயிற்று. இரண்டு கிலோகூட நிறையாத சிசுக்களைப் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் அணைத்து வைத்தார்கள். உடல்நிலை தேறும் வரை காத்திருந்து அணைத்த குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 இறந்தன. உடனே அணைத்தவற்றில் 12தான். மறு ஆண்டே உலக சுகாதார ஸ்தாபனமும் இம்முறையைச் சிபாரிசு செய்தது.

எனவே, இனி இவ்வறையை வரைபவர்கள் குழந்தையின் படுக்கையோடு தாயின் கட்டிலையும் வரைய வேண்டும். அவள் மறைவுக்குத் திரை, அருகிலேயே குளியலறை, பிரசவித்த உடம்பைக் கவனிக்கத் தாதி, வேளைக்கு உணவு ஆகிய யாவும் யந்திரங்களைப் போலவே இன்றியமையாதவை.

அம்மைக்கு இறைவன் தம் மேனியில் பாதியையே ஈந்தருளினார் என்று புராணம் கூறும் ஊர் இது. இங்கே ஒரு தாய்க்கு அறையில் பாதி கொடுப்பதா பெரிய காரியம்?