இடம் கேட்கும் வாயு

அணுவுலை என்றதும் வெடிப்பும் கதிர்வீச்சும்தான் பலருக்கு நினைவில் வரும். பொறியியல் மாணவனான என்னை ஈர்த்தது வேறொன்று: எரிபொருளுக்குள்ளேயே பிறந்து, வெளியேற வழியின்றி, பிறந்த இடத்தையே சிதைக்கும் வாயு. தமிழ்ப்பள்ளியை விட்டபின் அறிவியலை நான் தமிழில் எழுதுவது இதுவே முதல் முறை.

நூறு யுரேனிய அணுக்கள் பிளந்தால் ஏறத்தாழ 25 முதல் 30 வாயு அணுக்கள் உண்டாகின்றன. பெரும்பகுதி செனான், மீதி கிரிப்டான். இரண்டும் மந்த வாயுக்கள், எதனோடும் ஒட்டாதவை. எரிபொருள் குளிர்ந்திருந்தால் அங்கங்கே முடங்கிக் கிடக்கும். வெப்பம் ஏறினால் நகர்ந்து, ஒன்றுசேர்ந்து, குமிழிகளாகும். புளித்த மாவு இட்லித் தட்டில் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே கதைதான்; ஆனால் இங்கே உப்புவது திடமான எரிபொருள்.

மின்னுலைகள் பெரும்பாலானவற்றில் யுரேனியம் ஆக்சைடு வில்லைகள் சிர்கோனியக் குழாய்க்குள் அடுக்கப்பட்டுள்ளன. இடைவெளியில் ஹீலியம் இருக்கும். அது செனானைவிட 20 மடங்குக்கு மேல் நன்றாக வெப்பம் கடத்தும். வில்லையிலிருந்து கசியும் செனான் அதில் கலந்தால் வெப்பம் வெளியேறுவது தடைபடும்; வில்லை மேலும் சூடாகும்; இன்னும் வாயு கசியும். விபத்தில் குளிர்நீர் இழந்து குழாய் இளகினால், உள்ளிருக்கும் அழுத்தமே அதைப் பலூன்போல் ஊதிக் கிழித்துவிடும்.

உலோக எரிபொருளின் வரலாறு இன்னும் சுவையானது. அமெரிக்காவின் ஐடஹோவில் 1964 முதல் 1994 வரை இ.பி.ஆர்.-2 என்னும் ஆய்வு உலை இயங்கியது. தொடக்கத்தில் எரிபொருள் தண்டு உறைக்குழாயைப் பெரும்பாலும் நிறைத்திருந்தது. உப்பிய தண்டு உறையை முட்டியதால், யுரேனியத்தில் மிகச் சிறு பகுதி எரிந்த நிலையிலேயே அதை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. உப்புவதை அடக்கப் பல வழிகள் தேடினர். கடைசியில் கிடைத்த விடையோ மிக எளிது: இடம் விட்டுவிடு!

உறையின் உட்பரப்பில் 75 விழுக்காட்டை மட்டும் தண்டால் நிரப்பி, மீதியில் சோடியத்தை ஊற்றினர். கணக்குப் பாருங்கள். 75 என்பது 100 ஆக வேண்டுமானால் தண்டு மூன்றிலொரு பங்கு உப்ப வேண்டும். ஆனால் சுமார் 30 விழுக்காடு உப்பியதுமே குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்து வழி திறந்துவிடுகின்றன. வாயு மேலேயுள்ள வெற்றறைக்குப் போய்விடுகிறது. பஞ்சுபோல் ஆன தண்டுக்கு உறையைப் பலமாகத் தள்ளும் வலு இல்லை. இதே அமைப்பில் பிற்காலத்தில் யுரேனியம், புளூட்டோனியம், சிர்கோனியம் கலந்த தண்டுகளை 20 விழுக்காட்டை நெருங்கும் அளவுக்கு எரித்தனர்.