கரண்ட் போனால் கணக்கும் போகும்! கம்ப்யூட்டரை வேகப்படுத்தும் "கேஷ்", கடைக்காரர்களே உஷார்!

ஓசூர்,

சிப்காட் கம்பெனியோ, கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியோ, இன்று கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில்தான். அதில் உள்ள டிஸ்க், குடோன் மாதிரி. நிறையப் பிடிக்கும், எடுக்க நேரமாகும். அடிக்கடி கேட்கும் சரக்கைக் கடைக்காரர் கல்லா பக்கத்திலேயே வைத்துக்கொள்வார் அல்லவா? அதே வேலையை மெமரியில் செய்வதுதான் "டிஸ்க் கேஷ்" சாப்ட்வேர்.

"எழுதியாச்சு" என்று டிமிக்கி!

படிக்கும்போது ஆபத்து இல்லை. எழுதும்போதுதான் வில்லங்கம். பில்லை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். டிஸ்க்கில் ஏறும் முன் கரண்ட் போனால் பில் மாயம்!

1993-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியே இதில் மாட்டியது. எம்.எஸ்.டாஸ் 6.0-ல் இருந்த "ஸ்மார்ட் டிரைவ்" இப்படித் தாமதித்து எழுதியது. வேலை முடிந்ததென்று நினைத்து ஸ்விட்சை அணைத்தவர்களின் பைல்கள் நாசமாயின. புகார் கிளம்பியது. அதே ஆண்டு வந்த 6.2-ல், எல்லாம் டிஸ்க்கில் ஏறிய பிறகே அடுத்த கட்டளைக்கு வழிவிடும்படி மாற்றினார்கள்.

2018-ல் விண்டோஸ் 10-லும் பென் டிரைவ் போன்றவற்றுக்கு இந்தத் தாமதத்தை நிறுத்தினார்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு இன்றும் உண்டு.

எனவே பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஒரு யு.பி.எஸ். அவசியம். ராத்திரி கடை சாத்தும்போது முதலில் "ஷட் டவுன்". அது அணைந்த பிறகே ஷட்டர்!