எம்மைப் பற்றிய நாவல்களும் எமது வாசிப்பும்

அகதி அந்தஸ்துக் கோரி ஒரு மேசைக்கு முன்னால் அமர்ந்தெழுந்தவர் எவரும் அதன்பின் ஒரு கதையை முன்போல வாசிப்பதில்லை. எம்மைப் பற்றியும் எம்மையொத்தோர் பற்றியும் எழுதப்பட்ட சில நாவல்களை அண்மையில் அடுத்தடுத்துப் படித்தபோதே இதனை நாம் உணர்ந்தோம். பென்சிலும் கையுமாக அமர்ந்து, இந்தப் பஸ் அந்த நாளில் ஓடியதா, ஊரடங்குச் சட்டம் அப்போது தளர்த்தப்பட்டிருந்ததா என்றெல்லாம் பக்க ஓரங்களில் எழுதிக்கொண்டே சென்றோம். பின்னர் அவற்றைப் புரட்டிப் பார்த்தபோது வெட்கமாயிருந்தது. அவை ஒரு வாசகனின் குறிப்புகள் அல்ல; விண்ணப்பதாரியின் வாக்குமூலத்தில் முரண்பாடு தேடும் ஓர் அதிகாரியின் குறிப்புகள்.

எமது சொந்த நேர்காணலில், ஊரைவிட்டு வெளியேறிய திகதியை இரண்டு நாட்கள் பிழையாகச் சொல்லிவிட்டோம். முதல் நிராகரிப்புக் கடிதத்தில் அந்த இரண்டு நாட்களுக்கென்றே ஒரு முழுப் பந்தி ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் மாணவர்களுக்கு இலக்கியம் கற்பித்த நாம், கதை கேட்பது எவ்வாறு என்பதை அந்தக் கடிதத்திடமிருந்து மறுபடி கற்றுக்கொண்டோம் போலும். கீழே வரும் அபிப்பிராயங்களை இக்குறையை மனத்திற்கொண்டே வாசகர்கள் ஏற்றுக்கொள்வார்களாக.

முதலில் எம்மவர் அல்லாத ஒருவரின் நூல். சான்சிபாரில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்பவரும், 2021இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவருமான அப்துல்ரசாக் குர்னா 2001இல் எழுதிய 'பை த சீ'. அறுபத்தைந்து வயது முதியவர் ஒருவர் இன்னொருவரின் பெயரில் பெற்ற கடவுச்சீட்டுடன் கற்விக் விமான நிலையத்தில் வந்திறங்குகிறார். ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்; ஆயினும் தெரியாதவர்போல நடிக்குமாறு ரிக்கற் விற்றவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். ஏன் என்று அவருக்கும் விளங்கவில்லை. அகதி, புகலிடம் என்ற இரு சொற்களை மட்டுமே உச்சரிக்கிறார். அவருடைய பையைக் கிளறும் அதிகாரி, உயர்ந்த ஊது வாசனைக்கட்டை வைத்திருந்த சிறு மரப்பெட்டியைத் தனதாக்கிக்கொள்கிறான். அந்த அதிகாரியின் பெற்றோரும் ருமேனியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களே.

இந்த முதல் அத்தியாயத்துக்கு ஈடான ஒன்றை அகதிகள் பற்றிய எழுத்தில் நாம் கண்டதில்லை. இதை வாசிக்கையில் எமது பென்சில் தானாகவே கீழே விழுந்தது. முதியவர் பொய் சொல்கிறார் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்தப் பொய்க்குள்ளே அவர் எவ்வளவு உண்மையாக இருக்கிறார் என்பதையும் குர்னா காட்டிவிடுகிறார். இடைப்பகுதி வேறு விதமானது. ஈடு வைத்த வீடு, கைமாறிய கடன், இரு குடும்பங்களின் நீண்ட பகை என்று கதை சிக்கலாகிச் செல்கிறது. சில இடங்களில் முன்பக்கங்களைத் திருப்பிப் பார்க்காமல் தொடர முடியவில்லை. நூலை இரவல் பெற்ற நண்பர் ஒருவர் அப்பகுதியில் கைவிட்டுவிட்டார். உறுதியும் எல்லை வேலியுமாகப் பரம்பரை பரம்பரையாக வழக்காடிய ஊர்க்காரரான எமக்கோ அது அந்நியமாய்த் தோன்றவில்லை.

இதே விடயத்தை எமது மொழியில் வேறொரு வழியிற் கையாண்டவர் ஷோபாசக்தி. 2001இல் வெளிவந்த 'கொரில்லா'வை நாம் மறுபடி படித்தோம். நாவல் ஓர் அகதி விண்ணப்பத்தின் வடிவிலேயே தொடங்குகிறது. அலுவலகம் கேட்கும் மொழியில் சொல்லப்படும் வாழ்வு ஒன்று; பின்னால் வரும் ரொக்கிராஜின் வாழ்வு இன்னொன்று. தகப்பனின் அடியிலிருந்து தப்பி இயக்கத்துக்குப் போன பையன், தகப்பனின் பட்டப்பெயரிலிருந்து தப்ப முடியாமலே போகிறான். அடிக்குறிப்புகள் நிறைந்த நூல். முன்பு எமக்கு அவை எரிச்சலூட்டின. இப்போது அவையே நாவலின் உயிர் என்று தோன்றுகிறது. அதன் கடைசிப் பகுதியின் அவசரம் மட்டும் இன்றும் எமக்கு உடன்பாடில்லை.

2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா' பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. கொல்லப்பட்ட புகைப்படக்காரன் ஒருவன் மறுவுலகில் விழித்தெழுகிறான். அந்த மறுவுலகமும் வரிசையும் கவுண்டருமாக ஒரு விசா அலுவலகம்போலவே இருக்கிறது. நாம் வாய்விட்டுச் சிரித்தோம். நடுவில் அலுத்தும் போனோம்; பகிடி ஓயாமல் வந்தால் பேயும் களைத்துவிடும். 1980களின் பிற்பகுதியில் தென்னிலங்கையில் ஆற்றிலும் வீதியிலும் கிடந்த சிங்கள இளைஞர்களின் உடல்களை எமது கண் முன் நிறுத்தியமைக்காக இந்நூலுக்கு நாம் கடன்பட்டவர்கள். எமது இழப்புகளை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களை நாம் எண்ணவில்லை.

அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்' (2021) குறித்து எமது மனம் இரண்டுபட்டிருக்கிறது. கொழும்பில் தொண்டு நிறுவனமொன்றிற் பணிபுரியும் கிரிஷான், தனது அப்பம்மாவைப் பராமரித்த றாணி என்ற பெண்ணின் மரணச் செய்தி கேட்டு, புகையிரதத்தில் வடக்கே செத்தவீட்டுக்குச் செல்கிறான். கதை அவ்வளவே. றாணி போரில் இரண்டு ஆண்பிள்ளைகளையும் பறிகொடுத்தவள். மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்று வந்தவள். கிணற்றடியில் நேர்ந்த அவளது மரணம் விபத்தா, அவள் தேடிக்கொண்டதா என்பது கடைசிவரை தெளிவாவதில்லை. நூலில் நேர்ப்பேச்சு இல்லை. முழுப்பக்கம் ஓடும் வாக்கியங்கள்.

டெல்லிக் காதல் பற்றிய பக்கங்கள் எமக்கு நீளமாகவே பட்டன. அவ்விடங்களில் பென்சில் மறுபடி கைக்கு வந்தது. நாவலின் நடுவே பிணமாய்க் கிடக்கும் றாணி ஏன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று கோபத்துடன் ஓரத்தில் எழுதினோம். இரண்டு வாரங்கள் கழித்து அந்தக் கேள்விக்கு வேறு பொருள் புலப்பட்டது. போர் நடந்த இடத்தில் இல்லாதிருந்த ஒரு தமிழனின் கதை இது. அவன் றாணியின் வாயால் பேசியிருந்தால் அதுவன்றோ திருட்டு? தான் அங்கு இருக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதுவதற்கும் ஒரு துணிவு வேண்டும். புலம்பெயர் மேடைகளில் முள்ளிவாய்க்காலை நேரிற் கண்டவர்போல முழங்குவோரை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். இறுதியில் வரும் சிதை எரியும் பகுதியை இரவில் தனியே படிக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறோம்.

இனி, நாம் ஓராண்டுக்கு மேலாகத் தள்ளிப்போட்டுவந்த நூல். வி.வி. கணேசானந்தன் என்ற அமெரிக்கத் தமிழ் எழுத்தாளரின் 'பிரதர்லெஸ் நைட்' 2023இல் வெளிவந்து, 2024இல் பிரித்தானியாவின் பெண்கள் புனைவுப் பரிசையும் வட அமெரிக்காவின் கரோல் ஷீல்ட்ஸ் பரிசையும் பெற்றது. வாங்கி அலுமாரியில் வைத்திருந்தோம், திறக்கவில்லை. உள்ளே யார் இருக்கிறார் என்பதை மதிப்புரைகள் மூலம் அறிந்திருந்தமையே காரணம்.

கதை 1981இல் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. வைத்தியராகும் கனவுடன் படிக்கும் பதினாறு வயதுச் சசிகலா கொதிநீரைத் தன்மேல் ஊற்றிக்கொள்கிறாள். சைக்கிளில் போன அயல்வீட்டுப் பையன் அலறல் கேட்டு ஓடிவந்து முட்டைகளை உடைத்துப் புண்ணில் ஊற்றுகிறான். அவளுக்கு நான்கு சகோதரர்கள். மூத்தவன் 1983 கலவரத்தில் கொழும்பில் கொல்லப்படுகிறான். இருவர் இயக்கத்திற் சேர்கின்றனர். முட்டை ஊற்றிய பையனும் சேர்கிறான். 1987இல் மேடையொன்றில் நீருமருந்தாமல் உண்ணாவிரதமிருந்து சாகிறான். சசி அவனருகே இருக்கிறாள். அவன் யாரை நினைவூட்டுகிறான் என்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கில வாசகரைக் கையைப் பிடித்து அழைத்துச்சென்று விளக்கும் இடங்கள் அதிகம். அவ்விடங்களில் எமக்கு வேலையில்லாமற் போகிறது. எல்லோரும் ஒரே மாதிரியான, நன்கு தோய்த்து மடித்த ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்துக் கிழவியின் வாய் அப்படி மடிந்து கிடக்காது. ஆனால் பிடிபட்ட பிள்ளைகளை மீட்கத் தாய்மார் திரண்டு செல்லும் அத்தியாயத்தில் இக்குறைகள் யாவும் மறந்துபோகின்றன.

நாம் அஞ்சியது அஞ்சலி அக்காவுக்கு. நாவலில் மருத்துவபீட விரிவுரையாளரான இவர் எல்லாத் தரப்பினரின் கொடுமைகளையும் எழுதிவைக்கிறார், அதற்காகவே கொல்லப்படுகிறார். இவருக்கு மூலமானவர் யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த கலாநிதி ரஜனி திராணகம. 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது முப்பத்தைந்து. அவருடன் பணியாற்றியவர்கள் விடுதலைப் புலிகளையே பொறுப்பாளிகளாகக் கூறினர். அவரும் சேர்ந்தெழுதிய 'முறிந்த பனை' நூல் 1990இல், அவர் இறந்தபின் வெளியானது. கருணாதிலகவின் நாவலிலும் அவரை மூலமாகக்கொண்ட ஆவியொன்று வருகிறது. ஆங்கிலத்தில் பரிசு பெற்ற இரு நாவல்கள் ஒரே பெண்ணைத் தேடிப் போயிருக்கின்றன.

அவர் கொல்லப்பட்டபோது நாம் ஐந்தாம் வகுப்பு மாணவன். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் விரிவுரை நிகழ்த்தினோம். அவர் சைக்கிளோட்டிய வீதியால் நாமும் சைக்கிளில் வீடு திரும்பினோம். வகுப்பறையில் அவரது பெயரை நாம் ஒரு நாளேனும் உச்சரித்ததில்லை. எவரும் எம்மைத் தடுக்கவில்லை. தடுக்கவேண்டிய தேவையே ஏற்படாதவாறு நாம் நடந்துகொண்டோம். பிற்காலத்தில் அந்நிய நாட்டு மேசைக்கு முன்னால் அமர்ந்து, எமது நாட்டில் கருத்துச் சுதந்திரம் இல்லை என்று வாக்குமூலம் அளித்தோம். அது பொய்யல்ல. ஆனால் அந்த அதிகாரி கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அதை இந்த நாவல் கேட்டது.

அஞ்சலி அக்கா வரும் பக்கங்களின் ஓரங்களில் நாம் எதையும் எழுதவில்லை. எமது பிரதி அப்படியே வெறுமையாய்க் கிடக்கிறது. அதாவது, திரும்பி வந்தால் கிடக்கும். நூல் இப்போது எம்மிடம் இல்லை.

எமது தொடர்மாடியில் வசிக்கும் குடும்பமொன்றின் மகள் அதை வாங்கிச் சென்றாள். இந்த நாட்டிற் பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள். தாயாருக்கு ஆங்கிலம் போதாது. ஆதலால் மாலை வேளைகளில் மகள் ஆங்கிலத்தில் வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் தாயாருக்குச் சொல்லிவந்தாளாம். முட்டைக் காட்சியில் தாயார் இடைமறித்து, எரிந்த புண்ணுக்கு யார் யார் வீட்டில் என்னென்ன பூசினார்கள் என்று அரைமணி நேரம் விளக்கம் கொடுத்தாராம்.

உண்ணாவிரதப் பகுதி வந்த நாளன்று தாயார் பேசாமலே இருந்தார். பிறகு, "நானும் நல்லூருக்குப் போனனான் பிள்ளை. பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு போனவை" என்றார். மகளுக்கு இது புதிய செய்தி.

"முன்னுக்குப் போய்ப் பாத்தனீங்களோ அம்மா?"

"எட்டத்திலை நிண்டு பாத்தன். சரியான வெயில். திரும்பி வரேக்கை தண்ணி விடாய் தாங்கேலாமல் ஒரு வீட்டுக் கிணத்தடியிலை அள்ளிக் குடிச்சனான். அவர் அங்கை ஒரு சொட்டுமில்லாமல் கிடக்க நான் வாளியோடை குடிச்சன் எண்டதை இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மகள் இதனை எம்மிடம் மாடிப்படியில் நின்று சொன்னாள். அது எந்த நாள், எந்த வீட்டுக் கிணறு என்று தாயாரிடம் அவள் கேட்கவில்லையாம். புத்தகம் இன்னும் முடியவில்லை, திருப்பித் தர நாட்செல்லும் என்றும் சொல்லிச் சென்றாள்.