லேத்துக்கு அனுப்பும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைநீர் தேங்கும். அந்த மாதங்களில் ஓட்டமில்லாமல் நிற்கும் பழைய மொபெட்டுக்கு ஓய்வு கிடைத்ததாக நினைக்கிறோம். ஆனால் இந்தக் கரையில் எஞ்சின் ஓடும்போது தேய்வதைப் போலவே நிற்கும்போதும் கெடும்.

காரணம் உப்பின் இயல்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். எனவே எஞ்சின்மேல் படிந்த உப்பு எளிதில் காய்வதில்லை. அலுமினிய ஹெட்டும் இரும்பு போல்ட்டும் சேருமிடத்தில் அந்த உப்புநீர் மின்வேதி அரிப்பைத் தொடங்கிவைக்கும். அலுமினியம் வெண்பொடியாக உதிரும். உள்ளே, பிளாக் எனப்படும் சிலிண்டரின் ஆயில் படலம் விலகிய வார்ப்பிரும்புச் சுவரில் துரு பிடிக்கும். பிஸ்டன் ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது பெரிய அடி. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, பின்னர் வந்த 69.9 சிசி எக்ஸ்எல் சூப்பர் இரண்டுமே இந்த வகைதான். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உள்ளதைப் போல ஹெட்டில் வால்வுகள் கிடையாது. பிளாக்கின் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே ஏறி இறங்கித் திறந்து மூடுகிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால், ஏற்றமும் இறக்கமுமாகப் பிஸ்டன் 10,000 முறை அந்தச் சுவரை உரசிச் செல்லும். சுவரோ ரிங்கோ தேய்ந்தால் அழுத்தம் குறையும், பிக்அப் போகும், பாரம் ஏற்றினால் வண்டி இழுக்காது.

அப்போது ஹெட்டைக் கழற்றிப் பிளாக்கைத் தூக்குவார்கள். புது ரிங் மட்டும் போதுமா, பிளாக்கின் உட்சுவரைக் கடைந்து ரீபோர் செய்ய வேண்டுமா? கண்ணால் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. புது ரிங் ஒன்றைப் பிளாக்குக்குள் கோணாமல் நிறுத்தி, அதன் இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜை நுழைத்து அளக்க வேண்டும். ரிங் ஓடாத அடிப்பகுதியில் ஒருமுறை, மேலே ரிங் திரும்பும் இடத்தில் ஒருமுறை. தேய்மானம் மேலேதான் அதிகம் இருக்கும். பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புவதால் ஆயில் படலம் மெலிகிறது. வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் உச்சம்.

அடியில் 0.20 மி.மீ., மேலே 0.51 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.31. அதை 3.14-ஆல் வகுத்தால், விட்டம் ஏறத்தாழ 0.1 மி.மீ. கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். விட்டம் கூடினால் சுற்றளவு அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் கூடும் என்ற பள்ளிக்கூடக் கணக்குதான் இது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை ரிங்கின் இடைவெளி மும்மடங்காக்கிக் காட்டிவிடுகிறது. சுவர் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மட்டும் இது சராசரியைத்தான் சொல்லும். அதைப் பிடிக்க போர் கேஜ் வேண்டும்.

தேய்மானம் கம்பெனி கையேட்டின் வரம்பைத் தாண்டினால் ரீபோர்தான் வழி. முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பப் பிளாக்கைக் கடைய வேண்டும். சூடேறினால் பிஸ்டனின் அலுமினியம் பிளாக்கின் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி போதாவிட்டால் எஞ்சின் சீஸ் ஆகும். கடைந்தபின் துவாரங்களின் கூர்விளிம்பை மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். ரிங் முனைகள் பள்ளத்திலுள்ள சிறு பின்னில் பொருந்த வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சர்க்ளிப்பைக் கழற்றினால் அதையே மறுபடி போடக் கூடாது.

ரீபோர் செய்யும் ஒவ்வொரு முறையும் சுவர் மெலிகிறது. ஓவர்சைஸ் படிகள் சிலவே. அவை தீர்ந்தால் பிளாக்கின் ஆயுளும் தீர்ந்தது. எக்ஸ்எல் வரிசை 2015-இல் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறத் தொடங்கியது. ஆகவே கையிலிருக்கும் பழைய பிளாக் ஒவ்வொன்றும் காக்க வேண்டியது. மழைக்கு முன் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு டூ-டி ஆயில் விட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, பிளக்கை மாட்டி, சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து நிறுத்துங்கள். ஓட்டும் முன் துணியை எடுத்துவிடுங்கள். உப்பு அரிப்பால் வரும் பல ரீபோர்களை இந்தச் சிறிது நேர வேலை மிச்சப்படுத்தும்.