புல்லும் வெதுவெதுப்பான நீரும்: மனாட்டீயைக் காக்கும் சட்டங்கள்

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாழும் ஆவுளியாவின் நெருங்கிய உறவினம் மனாட்டீ. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஆறுகளிலும் ஊற்றுகளிலும் கரையோரக் கடலிலும் காணப்படும் ஃபுளோரிடா மனாட்டீ சுமார் 3 மீட்டர் நீளமும் சுமார் 450 கிலோ எடையும் உடையது. நீர்த்தாவரங்களே இதன் உணவு. ஒரு நாளில் தன் எடையில் 4 முதல் 9 சதவீதம் வரை மேய்ந்துவிடும். உருவம் பெரிதானாலும் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு. அதனால் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த நீரில் நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. 2 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈனுவதால், இறப்பு கூடினால் எண்ணிக்கை மீள நெடுங்காலம் ஆகும். மேய்ச்சலுக்குக் கடற்புல், குளிர்காலத்துக்கு வெதுவெதுப்பான நீர், படகு மோதாத நீர்வழி ஆகிய மூன்றும் இந்த விலங்குக்கு வேண்டும். ஃபுளோரிடாவின் பாதுகாப்புச் சட்டங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் சுற்றியே வளர்ந்தவை.

வேட்டைத் தடையிலிருந்து சரணாலயம் வரை

இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் மனாட்டீகள் கொல்லப்பட்ட காலத்தில், 1893-இல் ஃபுளோரிடா தன் முதல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1967-இல் மத்திய அரசு மனாட்டீயை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. 1972-இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் 1973-இன் அருகிவரும் உயிரினங்கள் சட்டமும் அதற்கு வலுச்சேர்த்தன. 1976-இல் ஃபுளோரிடாவின் பல நீர்வழிகள் மனாட்டீக்கு ‘இன்றியமையாத வாழிடம்’ என அறிவிக்கப்பட்டன. ஆனால் அந்த அறிவிப்பில் ஆறுகள், விரிகுடாக்களின் பெயர்கள் இருந்தனவே தவிர, அங்கே காக்கப்பட வேண்டியது புல்லா, ஊற்றா என்ற விளக்கம் இல்லை.

1978-இல் மாநில அரசு தனிச் சட்டம் ஒன்றின் மூலம் ஃபுளோரிடா முழுவதையும் மனாட்டீ சரணாலயமாக அறிவித்தது. படகுகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் இச்சட்டத்தால் கிடைத்தது. 1981-இல் அப்போதைய ஆளுநர் பாப் கிரஹாமும் பாடகர் ஜிம்மி பஃபெட்டும் தொடங்கிய ‘சேவ் தி மனாட்டீ கிளப்’ பின்னர் நீதிமன்றங்களில் மனாட்டீக்காக வாதாடும் முதன்மை அமைப்புகளில் ஒன்றானது.

படகின் வேகம்

மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய மனாட்டீ, ஆழம் குறைந்த நீரில் மெதுவாக நீந்துவது. விரைந்து வரும் படகின் அடிப்பகுதியும் சுழலியும் அதை எளிதில் தாக்குகின்றன. பல மனாட்டீகளின் முதுகில் சுழலி கிழித்த வடுக்கள் இருப்பதால், ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். 2019-இல் மட்டும் 137 மனாட்டீகள் படகு மோதி இறந்ததாகப் பதிவாகியது.

1989-இல் மனாட்டீ அதிகமுள்ள 13 மாவட்டங்கள் பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என மாநில அரசு பணித்தது. வேகக் கட்டுப்பாட்டு மண்டலங்களும் படகுத்துறைகளுக்கான இட வரையறையும் அவ்வழியே வந்தன. ஆனால் நடைமுறை தாமதமானது. 2000-இல் சேவ் தி மனாட்டீ கிளப்பும் வேறு பல அமைப்புகளும் மத்திய, மாநில அரசுகள் மீது வழக்குத் தொடுத்தன. மனாட்டீக்கு நேரும் பாதிப்பைக் கணக்கில் எடுக்காமல் புதிய படகுத்துறைகளுக்கு அனுமதி வழங்கப்படுகிறது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 2001-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி புதிய காப்பிடங்களும் வேக மண்டலங்களும் உருவாயின.

குளிர்காலப் புகலிடம்

நிலத்தடியிலிருந்து பொங்கும் ஃபுளோரிடாவின் ஊற்றுகளில் ஆண்டு முழுவதும் நீரின் வெப்பம் 22, 23 டிகிரி அளவில் நிலையாக இருக்கும். குளிர் தொடங்கியதும் மனாட்டீகள் இவற்றை நாடி வருகின்றன. புளூ ஸ்பிரிங் 1972-இல் மாநிலப் பூங்காவானது. 1970-களின் தொடக்கத்தில் சில டஜன்களே வந்த அந்த ஊற்றில் 2024 ஜனவரியில் ஒரே நாளில் 900-க்கு மேற்பட்டவை எண்ணப்பட்டன. ஊற்றின் ஓட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாதபடி நிலத்தடி நீர் எடுப்பதற்கு வரம்பு விதிக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு.

மேற்குக் கரையில் கிரிஸ்டல் ரிவரில் 1983-இல் தேசிய வனவுயிர்க் காப்பிடம் நிறுவப்பட்டது. வீடு கட்ட விற்கப்படவிருந்த திரீ சிஸ்டர்ஸ் ஊற்றுகளைச் சூழ்ந்த நிலம் 2010-இல் பொதுப்பணமும் நன்கொடையும் திரட்டி வாங்கப்பட்டது. 2012-இல் அங்குள்ள கிங்ஸ் பே விரிகுடா முழுவதும் மனாட்டீ காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, விலங்கைத் துரத்துவதும் அதன் மேல் ஏறுவதும் தடை செய்யப்பட்டன.

ஆனால் ஃபுளோரிடா மனாட்டீகளில் பாதிக்கும் மேல் குளிர்காலத்தில் மின்நிலையங்கள் வெளியேற்றும் வெந்நீரையே நம்பியுள்ளன. பழைய நிலையங்கள் மூடப்பட்டால், தலைமுறைகளாக அங்கே வந்து பழகியவை குளிரில் மாட்டிக்கொள்ளும். ரிவியேரா பீச், கேப் கனாவரல் நிலையங்கள் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டபோது மனாட்டீகளுக்காகவே தற்காலிக நீர்ச்சூடேற்றிகள் அமைக்கப்பட்டன. இயற்கை ஊற்றுகளுக்குச் செல்லும் தடைபட்ட வழிகளைத் திறந்துவிடுவதே நெடுங்காலத் தீர்வு.

புல் அழிந்த காயல்

2017-இல் எண்ணிக்கை உயர்ந்திருப்பதைக் காட்டி, மத்திய வனவுயிர்த் துறை மனாட்டீயை ‘அழிவின் விளிம்பில்’ என்ற நிலையிலிருந்து ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்ற நிலைக்கு இறக்கியது. நான்கே ஆண்டுகளில், 2021-இல், 1,100 மனாட்டீகள் இறந்தன. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை இறப்புகள் பதிவானதில்லை. கிழக்குக் கரையின் இந்தியன் ரிவர் காயலில் இறந்தவற்றில் பல பட்டினியால் மாண்டவை.

செப்டிக் டேங்குகள், சுத்திகரிப்பு நிலையங்கள், புல்வெளிகளுக்கு இடும் உரம் ஆகியவற்றிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் பல பத்தாண்டுகளாக அந்தக் காயலில் சேர்ந்துவந்தன. 2011 முதல் பாசிகள் அங்கே பெருமளவில் பெருகின. நீர் கலங்கி வெளிச்சம் அடியை எட்டாததால், சில ஆண்டுகளில் காயலின் கடற்புல்லில் பாதிக்கும் மேல் அழிந்தது. மனாட்டீக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம். இருந்தும் 2021–22, 2022–23 குளிர்காலங்களில் கேப் கனாவரல் மின்நிலையம் அருகே அரசே டன் கணக்கில் லெட்யூஸ் கீரையை நீரில் இட்டது.

காயலை ஒட்டிய பிரவார்ட் மாவட்ட வாக்காளர்கள் 2016-இலேயே காயல் சீரமைப்புக்காக அரை சதவீதக் கூடுதல் விற்பனை வரியை ஏற்றிருந்தனர். கழிவுநீர்க் குழாய் இணைப்பு, சேறு அகற்றல் போன்ற பணிகளுக்கு அது செலவாகிறது. கிரிஸ்டல் ரிவரில் பாசிப் படிவை உறிஞ்சி அகற்றி, ஈல்கிராஸ் என்னும் நன்னீர்ப் புல்லை நடும் திட்டம் நல்ல பலன் தந்துள்ளது. மனாட்டீயின் பாதுகாப்பு நிலையைக் குறைக்கக் கோரிய உள்ளூர் அமைப்பே அந்தத் திட்டத்தை நடத்துகிறது.

கழிவுநீர் வழக்கு

மனாட்டீயைக் கொன்றவரையோ படகால் இடித்தவரையோ சட்டம் நேரடியாகப் பிடிக்க முடியும். புல்லை அழித்த மாசுக்கோ ஆயிரக்கணக்கான வீடுகள் காரணம். ‘பேர் வாரியர்ஸ் யுனைடெட்’ என்ற அமைப்பு 2022-இல் தொடுத்த வழக்கு, அந்த வீடுகளை விட்டு, அவற்றின் கழிவுநீருக்கு அனுமதி வழங்கும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையைப் பொறுப்பாக்கியது. 2025 ஏப்ரலில் மத்திய நீதிமன்ற நீதிபதி கார்லோஸ் மெண்டோசா, அந்த அனுமதிகள் மனாட்டீயின் உணவை அழித்து அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தார். காயலின் வடபகுதியில் புதிய செப்டிக் டேங்குகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தவும் உத்தரவிட்டார். மாநில அரசு மேல்முறையீடு செய்தது.

வாழிடத்தைக் கெடுப்பதும் உயிரினத்துக்குச் செய்யும் தீங்கே என்னும் விதி இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படை. 1995-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்திருந்தது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு அந்த விதியை நீக்க முன்மொழிந்தது.

மறுபுறம், வாழிட வரையறையைப் புதுப்பிக்கக் கோரிய வழக்கின் விளைவாக, 2024 செப்டம்பரில் வனவுயிர்த் துறை சுமார் 19 லட்சம் ஏக்கரை ஃபுளோரிடா மனாட்டீயின் இன்றியமையாத வாழிடமாக முன்மொழிந்தது. 1976-இன் பட்டியலில் இல்லாத விளக்கம் இதில் உண்டு: குளிர்காலப் புகலிடங்கள், அவற்றை அடுத்த மேய்ச்சல் இடங்கள், இரண்டையும் இணைக்கும் வழிகள் ஆகியவை காக்கப்பட வேண்டியவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. 2021–22 கணக்கெடுப்பின்படி ஃபுளோரிடாவில் 8,350 முதல் 11,730 வரை மனாட்டீகள் உள்ளன. 2025 ஜனவரியில் அதே துறை, ஃபுளோரிடா மனாட்டீ ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்ற நிலையிலேயே தொடரவும், கரீபியக் கடலின் ஆன்டிலியன் மனாட்டீயை ‘அழிவின் விளிம்பில்’ என்ற நிலைக்கு உயர்த்தவும் முன்மொழிந்தது.