ஒல்லியானவருக்கும் வரும் குடலிறக்கம்

தொப்பை உள்ளவருக்குத்தான் ஹெர்னியா எனும் குடலிறக்கம் வரும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிக்கிடக்கிறது. அதனாலேயே, ஒல்லியான உடல்வாகு கொண்ட ஒருவர் தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் சிறு புடைப்பைக் கண்டால், நெறி கட்டியிருக்கும், தானாக வற்றிவிடும் என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார். மருத்துவ ஆய்வுகள் சொல்வதோ இதற்கு நேர்மாறானது.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், 47 முதல் 55 வயது வரையிலான 7,483 ஆண்களை ஆய்வாளர்கள் 34 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 1,017 பேருக்குக் கவட்டைப் பகுதியில் குடலிறக்கம் கண்டறியப்பட்டது. 2008இல் வெளியான முடிவு பலரை யோசிக்க வைத்தது. இயல்பான எடை கொண்டவர்களோடு ஒப்பிட்டால், உடல்பருமன் உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு 43 சதவீதம் குறைவு. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்விலும் பருமனான ஆண்களிடம் இது குறைவாகவே காணப்பட்டது. குடலிறக்க சிகிச்சைக்காக 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள், குறைந்த உடல் எடையையே ஒரு காரணியாகக் குறிப்பிடுகின்றன.

ஏன் இப்படி? ஆண் சிசுவின் விரைகள் முதலில் வயிற்றுக்குள் உருவாகி, பிறகு கவட்டை வழியாக விதைப்பைக்கு இறங்குகின்றன. இறங்கிய பாதை மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது முழுமையாக மூடுவதில்லை. வேறு சிலருக்கு வயதாக ஆக வயிற்றுச் சுவரின் தசையும் சவ்வும் நலிகின்றன. அந்தப் பலவீனமான இடத்தின் வழியே குடலோ கொழுப்போ பிதுங்குவதுதான் இந்த நோய். ஆகவே, பாலினம், வயது, குடும்பத்தில் பிறருக்கு இருந்த வரலாறு ஆகியவை எடையைவிட முக்கியமானவை.

பருமனானவர்களிடம் குறைவாகத் தெரிவதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. உள்ளே சேர்ந்த கொழுப்பு அந்த வழியை அடைத்து நிற்கலாம் என்பது ஒன்று. தடித்த கொழுப்பின் அடியில் இருக்கும் சிறிய புடைப்பு கண்ணுக்கோ மருத்துவரின் விரலுக்கோ தட்டுப்படாமல் போகலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். பருமனானவருக்கு அந்த இடத்தில் விடாத வலி இருந்தால், புடைப்பு தெரியவில்லை என்பதற்காக நிம்மதியடையக் கூடாது. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இதைப் படித்துவிட்டு யாரும் எடை கூட்டக் கிளம்பிவிட வேண்டாம். தொப்புளில் வரும் குடலிறக்கமும், பழைய அறுவை சிகிச்சைத் தழும்பில் வரும் குடலிறக்கமும் பருமனானவர்களுக்கே அதிகம். சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் ஆபத்தும் அவர்களுக்குத்தான் கூடுதல்.

பெண்களுக்குக் கவட்டைக் குடலிறக்கம் அரிது. ஆனால், சற்றுக் கீழே, தொடையின் மேற்பகுதியில் வரும் வகை ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். அது குடலை நெரிக்கும் வாய்ப்பும் கூடுதல். வெட்கத்தால் அதைச் சொல்லாமல் மறைக்கும் பெண்கள் பெரும் ஆபத்தைச் சுமக்கிறார்கள்.

புடைப்பு இருந்தாலே உடனே கத்தி என்று பயப்பட வேண்டியதில்லை. தொந்தரவு அதிகம் இல்லாத ஆண்களைக் கண்காணிப்பில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. திடீர் அவசர நிலை ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவாகவே ஏற்பட்டது. ஆனால், அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பத்து ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலி கூடியதால், அறுவை சிகிச்சைக்கு வந்தார்கள். பெல்ட் கட்டினாலும் பத்தியம் இருந்தாலும் எடையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த வழி மூடாது. பெரியவர்களுக்கு வலை வைத்துத் தைப்பதே இன்று பரவலான முறை.

நின்றுகொண்டு இருமும்போது புடைப்பு தெரிகிறதா, படுத்தால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். அப்படியானால், உங்கள் எடை எதுவாக இருந்தாலும் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, கடும் வலியும் வாந்தியும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குடல் நெரிபட்டு ரத்த ஓட்டம் நின்றால், சில மணி நேரத்தில் அந்தப் பகுதி அழுகத் தொடங்கிவிடும்.